கம்பைலர் பாடமும் கேகாலைக் கூட்டாளியும்

பட்டப்படிப்பில் எனக்குக் கடைசியாக மிஞ்சி நின்றது கம்பைலர் பாடம். ஒரு தடவை தவறியிருந்தேன். பல்கலைக்கழகப் பதிவு இந்த வருஷத்தோடு முடிகிறது, நீட்டிக்க மாட்டார்கள். இதில் மறுபடியும் தவறினால் முன்பு சித்தியடைந்த பாடங்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட வேண்டியதுதான்.

பட்டம் எனக்கு அலங்காரத்துக்கு வேண்டியிருக்கவில்லை. தெரணியகலைக்கு மேலே தோட்டப் பாடசாலையில் நான் உதவி ஆசிரியை. உயர்தர வகுப்புக்குத் தகவல் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத காலமெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பிறகு டவுனிலிருந்து ஒரு பட்டதாரி வந்தார். அதிபர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், நீங்க ஆறாம் ஏழாம் வகுப்பப் பாருங்க. சட்டம்னு ஒண்ணு இருக்கில்லங்க" என்றார். சட்டம் அத்தனை வருஷமும் எங்கே போயிருந்தது என்று நான் கேட்டேன். அவர் மேசை மணியை அடித்துத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். எனக்கு இல்லை, அவருக்கு.

ஆகவே சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறிக் கேகாலைக்குப் போனேன். வகுப்பு மேல்மாடியில். முதல் நாள் நான் உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்து கொப்பியை விரித்ததும் விரிவுரையாளர் என்னைப் பார்த்து, "தெமவ்பியோ எளியெ இன்ன" என்றார். பெற்றோர் வெளியில் இருக்கவும். என்னை யாரோ ஒரு பிள்ளையின் தாய் என்று நினைத்துவிட்டார். "மம இகென கன்ன ஆவே சேர்" என்றேன். படிக்கத்தான் வந்தேன். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். மன்னிக்கவும் என்ற சொல்லை அவர் எந்த மொழியிலும் சொல்லவில்லை.

அவர் கொழும்பிலிருந்து வருபவர். என்னைவிட ரொம்ப இளையவர். திரையில் எல்லாம் ஆங்கிலம், வாயில் சிங்களம். எங்கே பாடம் கடினமாகிறதோ அங்கே "ஹரி லேசி", ரொம்பச் சுலபம், என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவார். அந்தச் சொல் வரும் இடங்களில் ஓரத்தில் ஒரு கோடு போடத் தொடங்கினேன். வீட்டில் போய்ப் படிக்க வேண்டியவை எவை என்று அறிய அதைவிட நல்ல வழி இருக்கவில்லை.

பாடத்தின் சாரத்தை அவரைவிட நான் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். மனிதர் எழுதிய செய்நிரலைக் கணினி அப்படியே விளங்கிக்கொள்ளாது. கம்பைலர் அதை முதலில் சொல் சொல்லாகப் பிரிக்கிறது. பிறகு வாக்கியம் ஒழுங்காக அமைந்திருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு அதில் வரும் பெயர்களெல்லாம் உண்மையில் இருக்கின்றனவா, எது எதைக் குறிக்கிறது என்று ஓர் அட்டவணையை வைத்துச் சரிபார்க்கிறது. கடைசியில் இயந்திரத்துக்கான கட்டளைகளாக மாற்றுகிறது. இப்படி ஒன்றை நாங்களே எழுத வேண்டும். மொழியை அவர் கொடுப்பார். ஜோடி ஜோடியாகச் செய்ய வேண்டும். முடிவில் வாய்மொழிப் பரீட்சை.

ஜோடி பிரிக்கும் அன்று வகுப்பில் தமிழர் இரண்டு பேர். நானும், கேகாலை பஜாரில் புடவைக்கடை வைத்திருப்பவரின் மகனும். விரிவுரையாளர் எங்கள் இருவரையும் விரலால் சேர்த்துக் காட்டி, "நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆட்கள்தானே" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த ஜோடிக்குப் போனார்.

ஒரே ஆட்கள் என்று நானும் நினைக்கவில்லை, அவனும் நினைக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டான்.

"டீச்சருக்கு எந்தத் தோட்டம்?"

"தெரணியகலைக்கு மேல."

"அப்ப எங்க கடைக்கு வந்திருப்பீங்க. தீபாவளிக்கு முன்னாடி தோட்டத்து ஆளுங்க லொறியில வந்து எறங்குவாங்களே."

"நாங்க வேதக்காரங்க. தீபாவளி இல்ல."

"கிறிஸ்மஸுக்கும்தான் எறங்குவாங்க. எல்லாத்தையும் விரிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் எடுக்காமப் போவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "தப்பா நெனைக்காதீங்க. எங்க தாத்தா இங்க கடை போட வந்தவரு. கூலிக்கு வரல. அதனால எங்களுக்கு அந்தப் பழக்கவழக்கம் அவ்வளவாத் தெரியாது" என்றான்.

"எனக்கு உங்க தாத்தாவத் தெரியாது. வேலையப் பிரிப்போமா?" என்றேன்.

பிரித்தோம். சொற்களைப் பிரிப்பது, வாக்கியம் பார்ப்பது, கடைசியில் கட்டளைகளாக மாற்றுவது அவன். பெயர் அட்டவணையும் சரிபார்ப்பும் நான். என் வீட்டில் சிக்னல் நிற்காது, தேவாலயத்து வளைவு வரை ஏறிப் போனால்தான் போன் வேலை செய்யும். அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து இணையத்தில் ஒப்படைக்கும் பொறுப்பும் அவனுக்கு. அந்தக் கடைசி ஏற்பாடு என்னுடைய யோசனை. அதைவிட மோசமான யோசனை எனக்கு அந்த வருஷத்தில் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமையே தன் பங்கில் பாதியைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இவ்வளவு சீக்கிரம் எழுதிட்டீங்களா?"

"யார் எழுதினா? போன்ல ஏஐகிட்டக் கேட்டேன். அது எழுதிக் குடுத்துச்சு. நீங்க இன்னும் கையாலயா எழுதுறீங்க டீச்சர்?"

நான் அதை வரி வரியாகப் படித்தேன். பத்திலிருந்து மூன்றையும் பிறகு இரண்டையும் கழித்தால் ஐந்து. அவன் கொண்டுவந்தது ஒன்பது என்றது. முதலில் மூன்றிலிருந்து இரண்டைக் கழித்து, மிஞ்சிய ஒன்றைப் பத்திலிருந்து கழித்திருந்தது. காட்டினேன்.

"பொடி விஷயம். யாரு அப்பிடிக் கணக்குக் குடுப்பா?"

"பரீட்சையில குடுப்பாங்க. உங்க கடையில ஒருத்தரும் கழிக்கிறதில்லையா?"

"எங்க கடையப் பத்திப் பேச வேணாம்."

"சரி. கழித்தலப் பத்திப் பேசுவோம்."

அவன் திருத்தினான். அல்லது போனிடம் சொல்லித் திருத்திக்கொண்டான். அன்று முதல் என்னை டீச்சர் என்று கூப்பிடும்போது அந்தச் சொல்லைக் கொஞ்சம் நீட்டினான்.

முன்னோட்டக் காட்சி என்று ஒரு நாள் வைத்தார்கள். ஒவ்வொரு ஜோடியும் தன் கம்பைலரைத் திரையில் ஓட்டிக் காட்ட வேண்டும். விரிவுரையாளர் தன் கையிலிருந்த சோதனைச் செய்நிரல்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். எங்களுடையது முதலில் நன்றாக ஓடியது. பிறகு, பெயர் வைத்த சிறு செய்நிரல் துண்டுகளான இரண்டு பங்ஷன்கள் ஒன்றையொன்று மாறி மாறி அழைக்கும் செய்நிரல் ஒன்றைப் போட்டார். முதல் பங்ஷன், தனக்குக் கீழே எழுதப்பட்டிருக்கும் இரண்டாவதை அழைத்தது. என் சரிபார்ப்பு உடனே நின்று, அப்படியொரு பெயர் இல்லை என்று சிவப்பில் எழுதியது.

"பெயர் இருக்கே, கீழே இருக்கே. யார் எழுதினது?" என்று கேட்டார்.

"டீச்சர்" என்றான் அவன், தாமதமே இல்லாமல்.

"பழைய மொழிகள்ல முதல்ல அறிவிக்காம அழைக்க முடியாதே சேர்" என்றேன்.

"பழைய மொழிகள்" என்று அவர் திருப்பிச் சொல்லிவிட்டு, பரீட்சைக்கு முன் திருத்தச் சொன்னார். "பழைய மாணவிக்குப் பழைய மொழிதான் பிடிக்கும்போல."

வகுப்பு சிரித்த சிரிப்பை நான் இன்றைக்கும் சரியாக நினைவில் வைத்திருக்கிறேன். யார் யார் சிரித்தார்கள் என்பதையும்.

வெளியே வந்து படியில் இறங்கும்போது பின்னாலிருந்து அவன் சொன்னான்: "பெரட்டுக்கு லேட்டா வந்த ஆள வெரட்டுற மாதிரி அந்தப் பங்ஷன வெரட்டிட்டீங்களே, டீச்சர்!"

எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது சரி என்பதுதான் கோபத்துக்குக் காரணம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடிந்ததும் பெரட்டு. கணக்கப்பிள்ளை நின்று பேர் போடுவார், யார் எந்த மலைக்கு என்று சொல்வார். அந்த இடத்தில் நிற்காமல், பேர் கொடுக்காமல், நேரே மலைக்குப் போய் ஒருவர் எவ்வளவு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தாலும் அது வேலையே இல்லை. அந்த ஆளே அன்றைக்கு இல்லை. எங்கள் அம்மா ஒரு மழைநாளில் பிந்திப் போய், திருப்பி அனுப்பப்பட்டு, கத்தியும் வாளியுமாக வாசலில் வந்து நின்றது எனக்குத் தெரியும். முதலில் பெயர், பிறகு வேலை. மொழியின் விதிகளில் விரிவுரையாளர் இதைப் பற்றி எதுவுமே எழுதியிருக்கவில்லை. அவர் சொல்லாமல் விட்ட இடத்தை நான் பெரட்டை வைத்து நிரப்பியிருந்தேன். அது ஒரு முடிவு என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. உலகத்தில் எங்கும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

இதை ஒரு புடவைக்கடைக்காரன் கண்டுபிடித்துச் சொன்னதை என்னால் சகிக்க முடியவில்லை.

படியடியில் நின்றே பேசினோம்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றான்.

"ரெண்டு நடையாப் பிரிக்கப் போறேன். முதல் நடையில பெயர்கள மட்டும் எடுக்கணும், ரெண்டாவது நடையில உள்ள போய்ப் பாக்கணும்."

"அவ்வளவு எதுக்கு? அந்தச் செக்கையே நிப்பாட்டிருங்க. ஒரு பேரையும் கேக்க வேணாம். எல்லாரையும் உள்ள விட்டுருங்க."

"அப்ப இல்லாத பெயர யாராவது எழுதினா?"

"ஓடும்போது விழும். விழுந்தா விழட்டும். சேர் இந்தத் தடவை இதத்தான் போட்டுப் பாப்பாரு, மத்ததப் பாக்க மாட்டாரு."

"நிப்பாட்ட மாட்டேன்."

"டீச்சர், எனக்குப் பாஸ் வேணும். பிரைஸ் வேணாம்."

"எனக்குப் பாஸ் இல்லாட்டி அடுத்த வருஷம் இல்ல. உங்களுக்கு இருக்கு. அதனால என் வேலையில கை வைக்காதீங்க."

"வைக்கல. நீங்களும் என்னோடத வரி வரியாப் படிச்சு என் உசுர வாங்க வேணாம்."

அத்துடன் பேச்சு நின்றது. உண்மையாகவே நின்றது. அதற்குப் பிறகு இருவரும் கோப்புகளை மட்டும் அனுப்பிக்கொண்டோம்.

இரண்டு நடை வேலையைப் பாடசாலையில் ஓய்வுப் பாடவேளைகளிலும் பஸ்ஸிலும் செய்தேன். ஆசிரியர் அறையில் ஒருவர், "என்ன டீச்சர், இந்த வயசுல கேமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேலை பெரிதல்ல. முதல் நடையில் பங்ஷன்களின் பெயர்களை மட்டும் பொறுக்கி அட்டவணையில் இட வேண்டும், அவை உள்ளே என்ன செய்கின்றன என்று பார்க்கக் கூடாது. இரண்டாவது நடையில்தான் உள்ளே போக வேண்டும். ஆனாலும் என் கை ஒவ்வொரு இடத்திலும் தயங்கியது. இன்னும் கண்ணில் படாத ஒன்றுக்கு முன்கூட்டியே பேர் போடுவது எனக்கு அநியாயமாகத் தெரிந்தது. அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகும் அது போகவில்லை. எழுதி முடித்து, ஒன்றையொன்று அழைக்கும் செய்நிரலைப் போட்டுப் பார்த்தேன். ஓடியது. இல்லாத பெயரைப் போட்டேன். நிறுத்தியது. தேவாலயத்து வளைவில் ஏறி நின்று அனுப்பினேன். ஆராதனைக்குப் போகிற சனம் என்னைத் தாண்டிப் போனது. போதகர் மட்டும் நின்று பார்த்துவிட்டு, "உள்ள வர்றதுக்கு நேரமில்ல, வெளிய நிக்க நேரமிருக்கு" என்றார். நான் போனை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தேன்.

அவனிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

வாய்மொழிப் பரீட்சையில் எங்கள் முறை வந்தபோது அறையில் மூன்று பேர்தான். விரிவுரையாளர், நான், அவன். ஒப்படைத்த பிரதியைத்தான் ஓட்டுவேன், வேறு எதையும் திறக்கக் கூடாது என்று சொன்னார். ஒன்றையொன்று அழைக்கும் செய்நிரலைப் போட்டார். ஓடியது. தலையசைத்தார். பிறகு, பார்க்கமாட்டார் என்று அவன் சொன்ன மற்றதைப் போட்டார். எங்குமே இல்லாத ஒரு பெயரை அழைக்கும் செய்நிரல். என் சரிபார்ப்பு அதை நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லாமல் உள்ளே விட்டது. ஓடிய செய்நிரல் நடுவில் விழுந்தது.

"சரிபார்ப்பு உங்களுடையது" என்று என்னைப் பார்த்தார். "திருத்தச் சொன்னேன். நீங்க திருத்தல, எடுத்தே விட்டுட்டீங்க. அப்படித்தானே?"

சரிபார்க்கும் வரியைத் திரையில் கொண்டுவந்து காட்டினார். அதற்கு முன்னால் இரண்டு சாய்கோடுகள். இயங்காமல் தடுக்கப்பட்டிருந்தது. நான் அனுப்பியபோது அந்தக் கோடுகள் இருக்கவில்லை.

நான் அவனைப் பார்த்தேன். அவன் மேசையைப் பார்த்தபடி, உதட்டை அசைக்காமல், தமிழில் சொன்னான்: "நான் கடைசியில மொழிக்கு ஒரு புதுக் கட்டளை சேத்தேன், அதோட பேரு அட்டவணையில இல்லன்னு உங்க செக் அத விடல. அதான் அடைச்சேன். நீங்க அவசரத்துல நிப்பாட்டிட்டதாச் சொல்லிருங்க, டீச்சர். உங்களப் பாத்தா சேருக்கு எரக்கம் வரும். வயசு, தோட்டம், எல்லாத்தையும் பாத்துப் புள்ளி போட்டுருவாரு."

அங்கே எங்களுக்குள் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. கடையோ தோட்டமோ, சாமி கும்பிடுகிறவரோ வேதக்காரரோ, நமக்குள் எவ்வளவு பகையிருந்தாலும் சிங்களம் பேசும் மேலதிகாரி ஒருவர் முன்னால் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதில்லை. நாம் கொஞ்சப் பேர். நானும் அதன்படிதான் நடந்து வந்திருக்கிறேன். அதிபரைப் பற்றி வலயக் கல்வி அலுவலகத்தில் சொல்ல எனக்கு எத்தனையோ இருந்தும் வாயைத் திறந்ததில்லை. அவன் அதை நம்பித்தான் என் பக்கம் திரும்பாமலே பேசினான்.

இரக்கம் என்ற சொல்லை அவன் சொல்லாமல் விட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

"ஏக்க மகே நெவெய் சேர்" என்றேன், அறை கேட்கும்படி. அது என்னுடையது இல்லை. பிறகு, அவன் ஒரு புதுக் கட்டளை சேர்த்ததையும், அதை என்னிடம் சொல்லாததையும், என் வரியை அடைத்ததையும், இப்போது நான் என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததையும் அதே வரிசையில் சிங்களத்தில் சொன்னேன். இரக்கத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

விரிவுரையாளர் அவன் பக்கம் திரும்பினார். "நீயா?"

அவன் மேசையிலிருந்து தலையை நிமிர்த்தினான். "ஒவ் சேர்" என்று ஒத்துக்கொண்டான். அவன் பொய் சொல்லவில்லை என்பதை எழுதாமல் விட்டால் ஒழுங்கில்லை, அதனால் எழுதுகிறேன்.

"அப்ப கோடுகள எடுங்க" என்று விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். எடுத்தேன். இல்லாத பெயரை இப்போது நிறுத்தியது. ஆனால் அவனுடைய புதுக் கட்டளையையும் நிறுத்தியது. அட்டவணையில் அதற்குப் பெயர் இல்லை. முதல் நடை தொடங்குவதற்கு முன்னாலேயே அந்தப் பெயரை அட்டவணையில் இடும்படி ஒரு வரி எழுதினேன். ஒரே வரி. பேச்சு நிற்காமல் இருந்திருந்தால், அவன் கேட்டிருந்தால், போனில் சொல்லியிருக்கக்கூடிய வரி. நான் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம். எல்லாம் ஓடின.

எனக்குச் சித்தி. அவனுக்கு அடுத்த வருஷம் திரும்பச் செய்ய வேண்டும். என் புள்ளி சித்திக்கு வேண்டிய அளவில்தான் இருந்தது, மேலே ஒன்றும் இல்லை. எழுந்து வரும்போது விரிவுரையாளர், "பழைய ஆட்கள் பொல்லாதவங்க" என்றார். பாராட்டாக நினைத்துச் சொல்லியிருக்கலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பஸ் நிலையத்துக்கு அவன் பின்னாலேயே வந்தான்.

"நம்ம ஆளுன்னு நெனச்சேன்."

"நெனைக்கச் சொல்லி நான் கேக்கலையே."

"சிங்கள ஆளுக்கு முன்னால ஒரு தமிழ்ப் பிள்ளைய இப்பிடி மாட்டி விடலாமா? எங்க அப்பா கேட்டா என்ன நெனைப்பாரு?"

"தமிழ்ல ரகசியமாச் சொன்னத நான் சிங்களத்துல சத்தமாச் சொன்னேன். வேற ஒண்ணும் செய்யல."

"எனக்கு அடுத்த வருஷம் இருக்கு. உங்களுக்கு வேற வழி இல்ல, பயந்துட்டீங்க. அதான் விஷயம்."

"ஆமா" என்றேன். "அதான் விஷயம்."

அவன் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றான். கருவனல்லைப் பக்கம் போகிற பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். யன்னல் பக்கம் திரும்பவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று என் தங்கை பிறகு சொன்னாள். அவளுக்கும் வேறு வேலை இல்லை.

முடிவுக் கடிதம் வந்ததும் அதிபரிடம் காட்டினேன். இரண்டு தரம் படித்தார். "கம்பைலர்னா என்னங்க டீச்சர்?" என்றார். சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. "ரொம்பச் சந்தோஷம். அடுத்த தவணையிலயிருந்து உயர்தரம் உங்களுக்குத்தான். நான் சொல்லிட்டேன், அவ்வளவுதான்" என்று மணியை அடித்து இரண்டு தேநீருக்குச் சொன்னார்.

"எழுத்துல தாங்க சேர்."

"என்னங்க இது! என் மேல நம்பிக்க இல்லையா?"

"இல்லைங்க சேர்" என்றேன்.

அவர் முகம் சிவந்து போய்த் தாளை எடுத்தார். தேநீர் வந்து ஆறியது. அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.